வாங்கிய காணியில் கிணறு: தேடுவதும் அறிவதும்

காணி வாங்குபவர்கள் உறுதியைப் பார்க்கிறார்கள். எல்லையைப் பார்க்கிறார்கள். நிற்கின்ற தென்னையையும் பனையையும் எண்ணுகிறார்கள். கிணற்றை மட்டும் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, "தண்ணி கிடக்கு" என்று சொல்லி நகர்ந்துவிடுகிறார்கள். குடியேறி முதலாவது கோடை வரும்போதுதான் தண்ணீர் உவர்க்கிறது, அல்லது வற்றுகிறது, அல்லது கிணற்றில் தமக்கும் பங்குண்டு என்று அயலவர் வந்து நிற்கிறார். வீட்டைத் திருத்தலாம், வேலியை மாற்றலாம். கிணற்றின் குணத்தை நாம் நினைத்தபடி மாற்ற முடியாது. ஆகவே அதை முன்கூட்டியே அறிந்து, அதற்கேற்ப நடந்துகொள்வதே புத்தி. யாழ்ப்பாணக் குடாநாட்டில் காணி வாங்குபவர்களையும், நெடுநாளாகக் கைவிடப்பட்டிருந்த காணிகளுக்குத் திரும்புபவர்களையும் மனதிற் கொண்டு இக்கட்டுரை எழுதப்படுகிறது.

நமது தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுமில்லை. வழுக்கையாறுகூட மாரியில் மட்டும் ஓடுவது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் பெய்யும் மழையே நமது பிரதான நீர் வருமானம். அம்மழை செம்மண்ணின் ஊடாகவும் மணலின் ஊடாகவும் இறங்கி, கீழேயுள்ள சுண்ணக்கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் சேர்கிறது. நாம் கிணற்றில் அள்ளுவது பெரும்பாலும் இந்தச் சேமிப்பைத்தான்.

சுண்ணக்கல் நல்ல சேமிப்பறை. ஆனால் நல்ல வடிகட்டி அன்று. மணலின் ஊடாக மெதுவாகக் கசியும் தண்ணீர் ஓரளவு சுத்தமாகிறது. கல்வெடிப்பில் ஓடும் தண்ணீர் தன்னோடு அழுக்கையும் வேகமாகக் கொண்டு செல்கிறது. ஒருவர் வளவில் நிலத்துக்குள் விடுகின்ற கழிவு இன்னொருவர் கிணற்றில் வெளிப்படலாம் என்பதை இந்தக் கட்டுரை முழுவதும் நினைவில் வைத்திருங்கள்.

முதலில் உறுதியில் தேடுங்கள்

நிலத்தில் தேடுமுன் பத்திரங்களில் தேடவேண்டும். உறுதியின் அட்டவணையில் காணியின் பெயர், விஸ்தீரணம், நான்கு எல்லைகள் ஆகியவற்றின் பின்னர் கிணறு பற்றிய குறிப்பு வரும். அதைச் சொல் சொல்லாக வாசியுங்கள். கிணறு முழுவதும் உங்களுக்கா? பங்கு மட்டுமா? பங்கு எனில் எத்தனையில் எத்தனை? கிணறு உங்கள் எல்லைக்குள் இருக்கிறதா, அல்லது அயற்காணியில் உள்ள கிணற்றில் உங்களுக்குப் பங்கு சொல்லப்படுகிறதா? கிணற்றுக்குப் போகும் வழியும் தண்ணீர் வரும் வாய்க்காலும் சேர்த்து எழுதப்பட்டுள்ளனவா? வழியில்லாத கிணற்றுப் பங்கு கடதாசியில் மட்டுமே உள்ள பங்காகிவிடும்.

ஒரு பெரிய காணி பிள்ளைகளுக்குச் சீதனமாகவும் நன்கொடையாகவும் பிரிக்கப்படும்போது, நிலம் துண்டாகினாலும் கிணறு துண்டாவதில்லை. எனவே தற்போதைய உறுதியோடு நின்றுவிடாமல் அதற்கு முந்திய உறுதிகளையும் பாருங்கள். காணிப் பதிவகத்தில் தேடுதல் செய்வித்தால் பங்குகள் எவ்வாறு கைமாறின என்பது தெரியவரும். நில அளவையாளரின் படம் இருப்பின் அதில் கிணறு சிறு வட்டமாகக் குறிக்கப்பட்டிருக்கும். வட்டம் எல்லைக்கோட்டின் மேலேயே விழுந்திருந்தால் கையொப்பமிடுமுன் நொத்தாரிசிடம் விளக்கம் கேளுங்கள்.

எழுத்தில் இல்லாத உரிமையும் உண்டு. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைச் சட்டத்தின்படி, பத்து ஆண்டுகளுக்கு மேல் இடையறாது, தம் உரிமையென்றே கிணற்றையோ வழியையோ பாவித்துவந்த ஒருவர் நீதிமன்றில் உரிமை கோர இடமுண்டு. ஒருவருடைய தயவில் அள்ளியது வேறு, உரிமையோடு அள்ளியது வேறு. இரண்டையும் வேறுபடுத்துவது சட்டத்தரணியின் வேலை. ஆனால் "இக்கிணற்றில் இதுவரை யார் யார் தண்ணீர் அள்ளினார்கள்?" என்று காணியை வாங்குமுன் ஊரில் கேட்டறிவது உங்கள் வேலை.

பின்னர் நிலத்தில் தேடுங்கள்

பற்றை மூடிய காணியில் கிணறு கண்ணுக்குத் தெரியாமற் போகலாம். தேடுவதற்குச் சில அடையாளங்கள் உதவும்.

1. தோட்டக் காணியில் கிணறு பெரும்பாலும் உயர்ந்த பக்கத்தில் இருக்கும். இறைத்த தண்ணீர் தானாகப் பாத்திகளுக்கு ஓடவேண்டும் என்பதற்காகவே முன்னோர் அப்படி வெட்டினர். பழைய வாய்க்காலின் தடம் கிடைத்தால் அதன் மேட்டுப் பக்கமாக நடந்து செல்லுங்கள்.

2. வீட்டு வளவில், மனையடி வழக்கத்தைப் பின்பற்றியோர் வடகிழக்கு மூலையில் கிணறு வெட்டுவதுண்டு. அங்கு இல்லையேல் குசினி இருந்த பக்கத்தைப் பாருங்கள்.

3. துலா நின்ற இடத்தில் ஆடுகாலோ அதன் அடிக்கட்டையோ எஞ்சியிருக்கலாம். குளிக்கும் தொட்டி, உடுப்புத் தோய்க்கும் கல், சீமெந்து மேடை என்பனவும் கிணற்றடியைக் காட்டும்.

4. கோடையில் சுற்றிலும் புல் கருகியிருக்க ஓரிடம் மட்டும் பச்சையாக இருந்தால் கவனியுங்கள். கைவிடப்பட்ட வளவில் வாழை, கமுகு, தேசி கூட்டமாக நிற்குமிடம் பெரும்பாலும் பழைய கிணற்றடியே.

5. மாரிக்குப் பின் வட்டமாகத் தாழும் நிலம் தூர்த்த கிணறாக இருக்கலாம். அதன்மேல் வீடோ மதிலோ எழுப்ப வேண்டாம். பாரமான வாகனத்தையும் ஏற்ற வேண்டாம்.

இவை எல்லாவற்றையும்விடச் சிறந்த வழி, அயலிலுள்ள வயோதிபர் ஒருவரைக் கேட்பது. கிணறு எங்கே என்பதோடு, அது எந்த ஆண்டு வற்றியது, எந்த மாதத்தில் உவர்த்தது, ஏன் கைவிடப்பட்டது என்பனவும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

கைவிடப்பட்ட கிணறு: எச்சரிக்கை

போர்க்காலத்தில் மக்கள் விட்டுச் சென்ற காணிகளில் கிணறு தேடுவது ஆபத்தான வேலை. போர் முடிந்தது 2009இல். ஆனால் நிலத்திலும் கிணறுகளுக்குள்ளும் வெடிபொருட்கள் கிடக்கலாம். கண்ணிவெடி அகற்றப்பட்டு ஒப்படைக்கப்பட்ட காணிதானா என்பதைக் கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் உறுதிசெய்யாமல் பற்றை வெட்டத் தொடங்காதீர்கள். கிணற்றில் சந்தேகமான பொருள் தெரிந்தால் தொடாமலும், கல்லெறிந்து பார்க்காமலும், சேற்றைக் கிளறாமலும் விலகி வந்து பொலிசாருக்கு அறிவியுங்கள். கூலிக்கு ஓர் ஆளைப் பிடித்து உள்ளே இறக்குவது பரிகாரமன்று. அவருக்கும் பிள்ளை குட்டி உண்டு.

இரண்டாவது ஆபத்து காற்று. நெடுநாள் மூடிக்கிடந்த கிணற்றில் இலைகுழை அழுகி ஒட்சிசன் குறைந்து, காபனீரொட்சைட்டு அடியில் தங்கியிருக்கும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. இறங்கியவர் சத்தமின்றி மயங்கி விழுவார். அவரைத் தூக்க இறங்குபவரும் விழுவார். விளக்கைக் கயிற்றில் இறக்கிப் பார்ப்பது பழைய முறை. விளக்கு அணைந்தால் இறங்கவே கூடாது. ஆனால் அணையாவிட்டாலும் ஆபத்தில்லை என்று கொள்ளலாகாது. நச்சு வாயு எல்லாவற்றையும் விளக்கு காட்டாது. எண்ணெய் மணமுள்ள கிணற்றில் விளக்கை இறக்கவே வேண்டாம். இறங்கவேண்டியிருப்பின் மேலிருந்து காற்று செலுத்த வேண்டும். இறங்குபவரின் உடம்பில் கயிறு கட்டியிருக்க வேண்டும். அவரை மேலே இழுக்கக்கூடிய பலசாலிகள் இருவராவது கிணற்றடியில் நிற்க வேண்டும்.

மண்ணெண்ணெயிலோ பெற்றோலிலோ இயங்கும் இயந்திரத்தை எக்காரணங்கொண்டும் கிணற்றுக்குள் இறக்கி இயக்காதீர்கள். அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு சில நிமிடங்களில் ஆளைக் கொல்லும்.

அளந்து பாருங்கள்

கிணறு கிடைத்துவிட்டது. இனி அதை அறிய வேண்டும். ஒரு கயிறு, ஒரு கல், ஓர் அளவு நாடா, ஒரு கொப்பி ஆகியவை போதும்.

கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, மூன்று அளவுகளை எடுங்கள். கட்டின் மேல் விளிம்பிலிருந்து தண்ணீர் மட்டம் வரை எத்தனை அடி? அடித்தளம் வரை எத்தனை அடி? கிணற்றின் குறுக்களவு எத்தனை அடி? இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் தண்ணீரின் ஆழம் வரும்.

வட்டக் கிணற்றில் உள்ள தண்ணீரைக் கணக்கிடும் வழி இது: குறுக்களவை அதே எண்ணால் பெருக்கி, தண்ணீரின் ஆழத்தால் பெருக்கி, மேலும் 22.2ஆல் பெருக்குங்கள். விடை லீற்றரில் வரும். குறுக்களவு 10 அடி, தண்ணீர் 6 அடி எனக் கொண்டால், 10 × 10 × 6 × 22.2 = 13,320 லீற்றர். ஐந்து பேருள்ள குடும்பத்துக்கு ஆளுக்கு 100 லீற்றர் வீதம் நாளொன்றுக்கு 500 லீற்றர் போதும். எனவே வீட்டுப் பாவனைக்கு இது தாராளம். தோட்டத்துக்குப் போதுமா என்பதைச் சொல்ல, கிணற்றில் கிடக்கும் தண்ணீர் மட்டும் போதாது. ஊற்றின் வேகமும் தெரியவேண்டும்.

அதற்கு விடியற்காலையில், எவரும் அள்ளுமுன், தண்ணீர் மட்டத்தைக் குறியுங்கள். பின்னர் மட்டம் ஓர் அடி தாழும்வரை இறைத்து நிறுத்துங்கள். பழைய மட்டத்துக்கு ஏற எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பாருங்கள். மேற்சொன்ன 10 அடிக் கிணற்றில் ஓர் அடி என்பது 2,220 லீற்றர். ஒரு மணித்தியாலத்தில் ஏறினால் ஊற்று மணிக்கு ஏறக்குறைய அவ்வளவு தருகிறது. இரண்டு மணித்தியாலம் எடுத்தால் அதில் பாதி. இந்த எண் தெரியாமல் நீரிறைக்கும் இயந்திரம் வாங்கவேண்டாம். ஊற்று தருவதைவிட நான்கு மடங்கு வேகத்தில் இழுக்கும் இயந்திரம் கிணற்றை வற்றச் செய்வதோடு நில்லாது, அடியிலிருந்து உவரையும் மேலே அழைத்து வரும்.

இந்தச் சோதனையை மாரி முடிந்த கையோடு செய்தால் எல்லாக் கிணறும் நல்ல கிணறாகத்தான் தெரியும். ஆவணி, புரட்டாதியில், மழைக்கு முன் செய்து பாருங்கள். காணி வாங்குவதாயினும் இந்த மாதங்களில் வந்து பார்ப்பதே நன்று.

நன்னீரின் கீழே உவர்நீர்

குடாநாட்டைச் சுற்றிக் கடல். கடல்நீர் நிலத்தின் அடியிலும் புகுந்து நிற்கிறது. மழையால் வந்த நன்னீர் பாரம் குறைந்தது. ஆதலால் அது உவர்நீரின்மேல் ஒரு வில்லையைப்போல மிதக்கிறது. நடுவில் தடிப்பாகவும் கரையோரத்தில் மெல்லியதாகவும் இருக்கிறது. புத்தூருக்கு அண்மையிலுள்ள நிலாவரைக் கிணற்றில் மேற்பகுதி நன்னீராகவும் ஆழம் செல்லச்செல்ல உவராகவும் இருப்பது இதனாற்றான்.

இதில் ஒரு கணக்கு உண்டு. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓர் அடி உயர்ந்து நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நன்னீர் இருக்கும். இதையே மறுபக்கமாகப் பாருங்கள். அளவுக்கு மிஞ்சி இறைத்து நீர்மட்டத்தை ஓர் அடி நிரந்தரமாகத் தாழ்த்தினால், காலப்போக்கில் உவர் 40 அடி அளவு மேலேறும். "தண்ணி போதாது, இன்னும் ஆழமாக்குவோம்" என்று குழாய்க் கிணறு துளைப்பவர்கள் பல இடங்களில் உவரைத்தான் காண்கிறார்கள். இங்கே ஆழம் செல்வமன்று. பரந்து, ஆழங்குறைந்த கிணற்றில், மெதுவாக, இடைவிட்டு இறைப்பதே ஏற்றது.

2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் கிழக்குக் கரையோரத்திலும் இதே பாடம் கிடைத்தது. கடல்நீர் புகுந்த கிணறுகளைப் பலர் திரும்பத் திரும்ப இறைத்து வெறுமையாக்கினார்கள். நல்ல நோக்கத்தோடு செய்த இவ்வேலை சில இடங்களில் அடியிலிருந்த உவரை இழுத்துக் கெடுதலையே கூட்டியது. கிணறுகளைப் பெரும்பாலும் மீட்டது பின்னர் வந்த மழையே.

தண்ணீரின் குணம்

கண்ணுக்குத் தெளிவாக இருப்பதும் நாவுக்கு இனிப்பதும் நல்ல தண்ணீர் என்பதற்கு அத்தாட்சியல்ல. நான்கு விடயங்களைக் கவனியுங்கள்.

கிருமிகள்: மலசலகூடக் குழி கிணற்றிலிருந்து எவ்வளவு தூரம்? 50 அடி என்று பலர் சொல்வதுண்டு. வெடிப்புள்ள சுண்ணக்கல்லில் 30 மீற்றர், அதாவது ஏறக்குறைய 100 அடிக்குக் குறையாதிருப்பது நல்லது. உங்கள் குழியை மட்டுமல்ல, வேலிக்கு அப்பாலுள்ள அயலவர் குழியையும் சேர்த்து அளவிடுங்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும்.

நைத்திரேற்று: பசளையிலிருந்தும் எருவிலிருந்தும் மலக்குழியிலிருந்தும் இது வருகிறது. 1980களிலேயே குடாநாட்டின் தோட்டப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் இது அளவுக்கு மேல் இருப்பதாக ஆய்வுகள் காட்டின. உலக சுகாதார நிறுவனம் கூறும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். இதற்கு மணமில்லை, சுவையில்லை, நிறமில்லை. கொதிக்க வைத்தால் போகாது. தண்ணீர் ஆவியாகிப் போவதால் செறிவு கூடவே செய்யும். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு இத்தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், இரத்தம் ஒட்சிசன் கொண்டு செல்லும் வலுவை இழந்து குழந்தை நீலம் பாரிக்கும், உயிருக்கும் ஆபத்து. கைக்குழந்தை உள்ள வீட்டார் சோதித்தறியாத தோட்டக் கிணற்றுத் தண்ணீரில் பால் கரைக்க வேண்டாம். தாய்ப்பாலே பாதுகாப்பு.

எண்ணெய்: சுன்னாகத்தில் மின் நிலையத்தை அண்டிய கிணறுகளில் எண்ணெய் கலந்தது தொடர்பான வழக்கில், பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்குமாறு 2019இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாகனத் திருத்தகம், எரிபொருள் நிலையம் போன்றவற்றின் அருகில் காணி வாங்குபவர்கள் தண்ணீரில் மினுங்கும் படலத்தையும் மணத்தையும் கவனிக்க வேண்டும்.

வன்தன்மை: கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படிவு சுண்ணாம்பு. பாத்திரத்துக்கும் சவர்க்காரத்துக்கும் தொல்லையே தவிர, மேலே சொன்ன மூன்றையும்போல் அஞ்ச வேண்டியதன்று.

கிருமியும் நைத்திரேற்றும் உவர்ச் செறிவும் ஆய்வுகூடத்திற்றான் தெரியும். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அணுகினால் மாதிரி எடுக்கும் முறையையும் கொடுக்கும் இடத்தையும் சொல்வார். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்திலும் விசாரிக்கலாம். காணியின் பெறுமதியோடு பார்க்கும்போது இச்செலவு மிகச் சிறியது.

கிணற்றைத் திருத்துதல்

கட்டு உடைந்திருந்தால் முதலில் அதைக் கட்டுங்கள். கட்டில்லாக் கிணறு பிள்ளைகளுக்கும் ஆடுமாட்டுக்கும் பொறி. கிணற்றைச் சுற்றிச் சீமெந்து மேடையும், குளித்த தண்ணீர் தூரச் செல்ல ஒரு வாய்க்காலும் வேண்டும். அந்தத் தண்ணீரை வாழைக்கு விடுங்கள். மேற்பகுதி வளையங்களின் வெடிப்புகளை அடைத்தால் மழைவெள்ளம் அழுக்கோடு உள்ளே கசியாது.

கோடையின் கடைசியில், நீர்மட்டம் தாழ்ந்திருக்கும்போது, கிணறு கலக்கி இறைத்துச் சேறு அள்ளுங்கள். கரையோரக் காணியாயின் ஒரே மூச்சில் வெறுமையாக்காமல் பல நாட்களாகப் பிரித்துச் செய்யுங்கள். பின்னர் குளோரீன் இடவேண்டும். தெளிந்த தண்ணீருக்கு 1,000 லீற்றருக்கு ஏறக்குறைய 2.5 கிராம் நல்ல வெளிற்றும் தூள் என்பது பொதுவான அளவு. 13,320 லீற்றர் கிணற்றுக்கு இது 33 கிராம். தூளை வாளியில் குழைத்துக் கரைத்து, சுண்ணாம்பு அடையவிட்டு, தெளிவை மட்டும் கிணற்றில் ஊற்றிக் கலக்குங்கள். குறைந்தது ஒரு மணித்தியாலம் எவரும் அள்ளக்கூடாது. இரவில் இட்டு விடிய அள்ளுவது வசதி. வெள்ளம் புகுந்த கிணற்றுக்கும் நெடுநாள் கைவிடப்பட்ட கிணற்றுக்கும் இந்த அளவு போதாது. பரிசோதகரின் ஆலோசனையைப் பெறுங்கள்.

தேவையற்ற பழைய கிணறொன்று காணியில் இருந்தால் அதைக் குப்பைக் குழியாகவோ மலக்குழியாகவோ ஒருபோதும் மாற்றாதீர்கள். அது ஊர்த் தண்ணீருக்குள் நேரே திறந்த வாசல். மாரியில் கூரைத் தண்ணீரை வடித்து அதற்குள் விட்டால், அதே கிணறு உங்களுக்கும் அயலுக்கும் சேமிப்பாகும். முதல் மழையில் கூரை கழுவிய தண்ணீரை வெளியே விட்டுவிட்டு, பின்வருவதை மணலும் சல்லியும் இட்ட தொட்டியொன்றின் ஊடாக விடவேண்டும்.

பங்குக் கிணறும் அயலும்

பங்குக் கிணற்றில் சண்டை பெரும்பாலும் தண்ணீர் குறைவதால் தொடங்குவதில்லை. முறை எழுதப்படாததால் தொடங்குகிறது. யாருக்கு எந்த நாள், எத்தனை மணித்தியாலம், இயந்திரம் எத்தனை அங்குலக் குழாயுடையது, கலக்கி இறைக்கும் செலவு எப்படிப் பங்கிடுவது ஆகியவற்றைப் புதிதாக வந்தவரே முன்வந்து எல்லாப் பங்குக்காரரையும் அழைத்துப் பேசி எழுதிவைத்தால், மதிப்பும் கிடைக்கும், வழக்கும் மிஞ்சும். இதுவரை குடிக்கத் தண்ணீர் அள்ளிவந்த ஏழைக் குடும்பத்துக்குப் படலையைப் பூட்டுவதற்கு முன் ஒருமுறை யோசியுங்கள். நான்கு குடம் தண்ணீரால் எந்தக் கிணறும் வற்றியதில்லை. சாதி சொல்லித் தண்ணீர் மறுத்த காலத்தின் வடு நம்மூர்களில் இன்னும் ஆறவில்லை என்பதையும் மறக்கவேண்டாம்.

கிணற்றுக்கு ஒரு கொப்பி

கடைசியாக ஒரு வேண்டுகோள். உறுதியோடு சேர்த்து ஒரு கொப்பியும் வைத்திருங்கள். மாதம் ஒருமுறை நீர்மட்டத்தை எழுதுங்கள். உவர்த்ததா இல்லையா, எப்போது இறைத்தீர்கள், எப்போது குளோரீன் இட்டீர்கள், ஆய்வுகூட அறிக்கை என்ன சொன்னது என்பவற்றையும் எழுதுங்கள். இரண்டு மாரியும் இரண்டு கோடையும் கடந்தபின் அந்தக் கொப்பியைப் புரட்டினால், எவ்வளவு பயிரிடலாம், எப்போது நிறுத்தவேண்டும் என்பதற்கு அதிலேயே விடை இருக்கும். காணியைப் பிள்ளைகளுக்கு எழுதும் நாளில் கொப்பியையும் சேர்த்துக் கொடுங்கள். நிலத்தின் எல்லையை உறுதி காட்டும். தண்ணீரின் எல்லையைக் கொப்பிதான் காட்டும்.